எழுபத்தொரு கதவு

லாரியிலிருந்து கதவுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

உப்பளத்திலிருந்து திரும்பிய அவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

எழுபத்தொரு தொகுப்பு வீடு. அரசாங்கம் கட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு வருடம். ஒன்றுக்கும் கதவு கிடையாது. காகிதத்தில் மட்டும் அன்றைக்கே மாட்டியாகிவிட்டது. அந்தக் கதவுகளைத் தின்ற காண்டிராக்டர் இன்றைக்கு ஒன்றிய சேர்மன்.

வார்டு எல்லையைத் திருத்தி எழுதுகிற நேரம் இது. போன மாதம் மொத்தத் தெருவையும் வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வரி.

வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை.

இந்த ஓட்டுகள் போனால் வார்டு கலையும். சேர்மனுடைய ஊரோடு சேர்ந்துவிடும். அப்புறம் இந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் ஜெயிக்க முடியாது.

நேற்று, பெயர் நீக்கம் பற்றிய விசாரணையில் அவள்தான் எழுந்து கேட்டாள்.

“கதவே இல்லாத வீட்ட எப்படி சார் பூட்டுனீங்க?”

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாக எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாதித் தெரு முடிந்திருந்தது.

“கேட்டது வந்துட்டுல்லா. பெறவு என்ன மொறைக்க?” என்றான் சேர்மனின் ஆள் தங்கப்பழம். அவன் தோளில் ஒரு சாக்கு நிறையப் பூட்டு. எல்லாம் துருப்பிடித்த பழைய பூட்டு. தேடிப் பொறுக்கியிருந்தான்.

பக்கத்து வீட்டு முத்துக்கிளி தன் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எதுக்குளா மாட்ட விட்ட?”

“வயசுக்கு வந்த ரெண்டு கொமரு இருக்கு மைனி. பன்னெண்டு வருசமா சேலையத் தொங்கவிட்டுல்லா படுத்துக் கெடந்தோம். கதவு வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

அவளுக்குக் கை ஓங்கத்தான் வந்தது.

ஓங்கவில்லை. அவள் மகளும் சேலை மறைப்பில்தான் துணி மாற்றுகிறாள்.

நிலையோரம் பார்த்தாள். கீல் பதித்த இடத்தில் புழுதியைத் தூவிப் பழசாக்கியிருந்தார்கள். விரலால் தொட்டாள். அடியில் சிமெண்ட் ஈரம்.

கீழே கிடந்த ஆணியை எடுத்தாள்.

இன்றைய தேதியைக் கீறினாள். பக்கத்தில் ஐந்து விரலையும் வைத்து அழுத்தினாள்.

தங்கப்பழம் ஓடிவந்தான். அவளைப் பெற்றவளிலிருந்து ஏச ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆணி அவள் கையில்தான் இருந்தது. அவன் இரண்டடி தள்ளியே நின்றான்.

“அத பூசி விடும்வே” என்று கொத்தனாரிடம் கத்தினான்.

கொத்தனார் வெளியூர்க்காரர். காலையில் கூலிக்கு ஏற்றி வந்த ஆள். இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேதியைப் பார்த்தார். விரல் பதிந்த குழிகளைப் பார்த்தார்.

“கலவை தீந்துபோச்சு.”

அவர் காலடியில் சட்டி நிறையக் கலவை இருந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கீலைப் பதித்தார். நிலையோரத்தில் இரண்டு கரண்டி கூடுதலாக அப்பினார். சிலேட்டு அகலத்துக்கு வழவழவென்று தேய்த்தார்.

அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.