யார் வீட்டுக் குப்பை?

"அப்பா, நம்ம குப்பைத்தொட்டி மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

நாம் வாங்கும் பொருளுக்காக அயல்நாட்டில் எவ்வளவு மண் தோண்டப்படுகிறது என்று கணக்கிடும் அரசு அதிகாரி அவளுடைய அப்பா. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அப்பா சிக்கனம்மா. பக்கத்து வீட்டம்மா தொட்டியைப் பாரு, பொங்கி வழியுது. இன்னைக்கே நகராட்சியில புகார் கொடுக்கிறேன்."

"தாராளமா கொடுங்க," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி. "என் கால் உடைஞ்சதிலிருந்து நமக்கு மூணு வேளையும் சமைச்சு அனுப்புறது அந்தம்மாதான். நாம தின்ன காயோட தோல் அங்கேதானே விழும்? ஊர் உலகத்துக்கெல்லாம் கணக்குப் போடுறீங்க, உங்க வயித்தை விட்டுட்டீங்களே."



மறுநாள் தெரு விழிக்குமுன் அதிகாரி பக்கத்து வீட்டுத் தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டி, கழுவித் துடைத்து, கடவுளைத் தவிர யாரும் பாராமல், முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்.