இரவல் வகுப்பு

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, நகரின் நடுவிலிருந்த அரசுப் பள்ளிக்கு, மறுநாள் கல்வி அதிகாரி ஐந்தாம் வகுப்பைப் பார்வையிடுவார் என்று கடிதம் வந்தது. அந்த வகுப்பின் புது டீச்சருக்கு வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்தது.

“உன் பசங்களை சாமான் ரூம்ல உக்கார வைம்மா,” என்றார் தலைமையாசிரியை. “மத்த டீச்சருங்க ஆறு பேரையும் ஆளுக்கு அஞ்சு கெட்டிக்காரப் பசங்களா அனுப்பச் சொல்லிட்டேன்.”

“என் பிள்ளைங்களே நல்லா சொல்வாங்க மேடம்.”

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மூணு மாசத்துல நீ என்னத்தக் கிழிச்சிருப்ப?”

மறுநாள் முப்பது இரவல் பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள்.

“ஏழெட்டு எத்தனை?” என்றார் அதிகாரி.

வகுப்பு கூரையைப் பார்த்தது. முதல் பெஞ்சுக்காரி பக்கத்துப் பையனைக் கிள்ளினாள், அவன் அலறினான்.

புது டீச்சர் குனிந்து அவளிடம், “உன்னைப் போய் ஏம்மா அனுப்பினாங்க?” என்று கிசுகிசுத்தாள்.

“இன்னிக்கு ஒரு நாளாச்சும் நிம்மதியா இருக்கணும்னு எங்க மிஸ் சொன்னாங்க.”

ஆறு டீச்சர்களும் அதையேதான் நினைத்திருந்தார்கள்.

அதிகாரி வெளியே வந்தபோது, சாமான் அறையிலிருந்து எட்டாம் வாய்ப்பாடு கணீரென்று கேட்டது. உள்ளே போய் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது.

“உங்க டீச்சர் எங்க?”

“பக்கத்து ரூம்ல வேற பசங்களோட இருக்காங்க சார்.”

அவர் குறித்துக்கொண்டார்.

சொந்த வகுப்பைக் கவனிக்காமல் விட்டதற்காகப் புது டீச்சரின் தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. இடமில்லாத பள்ளியில் சாமான் அறையையும் வகுப்பறையாக்கியதற்காகத் தலைமையாசிரியைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.