மழையில் நனைந்த பட்டு

"வெள்ளத்துக்கு ஒதுங்கின ஸ்கூலுக்குள்ள மருமவ பிரசவ வலியில துடிக்கிறா. நீ கொட்டுற மழையில புடவை காயப் போடுறியா ரோசி?"

பக்கத்து வீட்டுத் தனக்கோடி பள்ளி மைதானத்துக்கே ஓடிவந்து கத்தினாள்.

ஏணி மேல் நின்றிருந்த ரோசி திரும்பவில்லை. மைதானத்தின் குறுக்கே போன மின்கம்பியில் சிவப்புப் பட்டுப்புடவையை இறுக்கிக் கட்டினாள்.

"ஐயையோ, கரண்டு கம்பி!"

"லைன்மேன் பீஸைப் புடுங்கிட்டு டிரான்ஸ்பார்மருகிட்டயே நிக்கிறாரு. அந்த மஞ்சப் புடவையை எடு."

"இதெல்லாம் பூர்ணிமாவோட கல்யாணப் புடவைங்களாச்சே! வேத்து மதத்துப் பொண்ணுன்னு ஒனக்கு அவளப் புடிக்காதுதான். அதுக்காக இப்பவா வஞ்சம் தீக்குற? ஒன் மவன் கிளமெண்ட் வரட்டும், சொல்றேன்."

"ரோடெல்லாம் வெள்ளம். பீங்கான் கம்பெனியிலேருந்து அவன் எப்படி வருவான்? பச்சையைக் குடு."

நாலாவது புடவையைக் கட்டிவிட்டு இறங்கியதும், ஏணியை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினாள் ரோசி.

வானத்தில் படபடவென்று சத்தம். தாழ்ந்து வந்த ஹெலிகாப்டர் புடவைகளைக் கண்டதும் சட்டென்று விலகி, மைதானத்தின் மறுகோடியில் இறங்கியது.

"மேலேருந்து பாத்தா கம்பி கண்ணுக்கே தெரியாதாம். மோதினா எல்லாரும் போயிடுவாங்கன்னு லைன்மேன் சொன்னாரு."

பூர்ணிமாவை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் கிளம்பியது. தனக்கோடி மெல்லக் கேட்டாள்.

"ஒன் புடவைங்களைக் கட்டியிருக்கலாமே ரோசி? அவ பட்டெல்லாம் பாழாப் போச்சே."

ரோசி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"அவரு போனதுலேருந்து எங்கிட்ட ஏது கலர் புடவை? இந்த மழை மூட்டத்துல வெள்ளை தெரியுமா?"