குட்டைவிரல்

வானிலிருந்து விழுந்த கற்களுக்கு ஆய்வகத்தில் முதலில் எண் கொடுப்பார்கள். செல்லப்பெயர் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று இருந்தது மொட்டை. மூலை உடைந்தது ஓட்டைப்பல். மூன்றாவதைக் கையிலெடுத்த ரம்பக்காரர், பக்கத்தில் நின்ற ஆய்வக உதவியாளப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இங்க பாரும்மா, யாரோ களிமண்ண அமுக்கிப் பிடிச்ச மாதிரி அஞ்சு பள்ளம். அதுல ஒண்ணு பாதிதான். இவன் பேரு குட்டைவிரல்."

எரிந்து வரும் கல்லில் பள்ளம் விழுவது சகஜம். அவளே அதைப் பலமுறை அறிக்கைகளில் எழுதியிருக்கிறாள். விளையாட்டாகத் தன் வலது கையை வைத்துப் பார்த்தாள். விரல்கள் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தன. மோதிர விரலின் பள்ளம் மட்டும் கல்லின் விளிம்பில் பாதியோடு முடிந்தது. அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

எந்த வகைக் கல் என்று சொல்ல, வெட்டி உள்ளே பார்த்தாக வேண்டும். இடுக்கியில் நிற்காத கல்லைக் கையால் பிடிப்பது அவள் வேலை. மற்ற இரண்டும் வெட்டியாயிற்று. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"இத நாளைக்கு வெட்டலாமாண்ணா?"

"ஏன், நாளைக்கு அவனுக்கு விரல் வளந்துடுமா? கொண்டாம்மா."

இடுக்கியில் கல் நிற்கவில்லை. அவள் பக்கவாட்டில் பிடித்தாள், வழுக்கியது. புரட்டிப் பிடித்தாள், அப்போதும் வழுக்கியது. கடைசியில் விரல்கள் தாமாகவே பள்ளங்களைத் தேடிப்போய் உட்கார்ந்தன. கல் அசையவில்லை.

"அப்படித்தான். விட்டுடாத," என்றார் ரம்பக்காரர்.

மோதிர விரலின் மேற்பாதி மட்டும் ரம்பத்தின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.