இரண்டாவது சரணம்

"மறுபடியும் நின்னு போச்சு!"

யாரோ சொன்னதும் பாடகர் குழுத் தலைவி மார்வா திரும்பிப் பார்த்தாள். முதல் சரணம் பாடி முடித்தாயிற்று. பாட்டு வரிகளைக் காட்டும் சர்ச் திரையில் இன்னும் அதே முதல் சரணம்தான் இருந்தது. சபையில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு வார்த்தையைப் பாடினார்கள்.

வேறு வழியில்லை. பழைய வழக்கப்படி மார்வா ஒவ்வொரு வரியையும் முன்னால் உரக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, சபை அதை வாங்கிப் பாடியது. பாட்டு ஒருவழியாகக் கரையேறியது.

பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுப் பாட்டுகளையும் திரையையும் கொண்டுவந்தவர் பாஸ்டர். திரையை இயக்கும் லேப்டாப் மட்டும் யாரோ கழித்துக் கொடுத்தது.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் கூட்டம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சோறும் பயறும் ஆறிக்கொண்டிருந்தன. அதனால் எல்லோருக்கும் அவசரம், கொஞ்சம் கோபமும்.

"நான் பாட வந்தேனா, ஏலம் கூவ வந்தேனா?" என்றாள் மார்வா. "வாராவாரம் இதே கூத்து. லேப்டாப்ல மெமரி பத்தலைன்னு எல்லாருக்கும் தெரியும். டொரொண்டோலேருந்து எங்க அக்கா புது மெமரி அனுப்பியிருக்கா. காசு ஒண்ணும் வேண்டாம், மாட்டினா போதும்."

எல்லோரும் ஆர்வில்லைப் பார்த்தார்கள். வாரம் முழுக்க மாண்டவில் டவுனுக்குப் போகிற ரோட்டில் டாக்ஸி ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் அவன் பொறுப்பு.

"வேண்டாம் சிஸ்டர். இருக்கிறதே போதும்."

"சும்மா கிடைக்கிறதை ஏம்ப்பா வேண்டாங்கறே?"

"பழைய மெஷின். புதுசு மாட்டினா ஒத்துக்காது."

"உன் டாக்ஸியில மூணு பேர் உக்கார்ற சீட்டுல அஞ்சு பேரை அடைக்கிறே. இதுல ஒரு துண்டு மெமரி சொருக இடமில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் க்ளென்ராய் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு விஷயம் புரியுது," என்றான் அவன். "மெஷின் ஒழுங்கா ஓடினா அந்த நாற்காலில யார் வேணா உக்காரலாம். ஐயாவோட மவுசு போயிடும், அதான்!"

ஆர்வில் டாக்ஸிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று.

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாட்டிடுங்க. அதுக்கப்புறமும் நின்னா தப்பு மெஷின் மேல இல்ல. ஆளை மாத்திடலாம்."

அடுத்த ஞாயிறு புது மெமரியோடு லேப்டாப் சட்டென்று திறந்தது. மார்வாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், "எங்க அக்கா அனுப்பினது," என்றாள், அவள் கேட்காமலேயே.

முதல் பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணம் வரவேண்டிய இடத்தில் திரை அசையாமல் நின்றது.

ஆராதனைக்குப் பெண்கள் போட்டு வந்த தொப்பிகளெல்லாம் பின்பக்கம் திரும்பின. மார்வா பல்லைக் கடித்துக்கொண்டு வரிகளைச் சொல்லி முடித்தாள். எல்லோரும் எழுந்து ஒருவருக்கொருவர் கைகுலுக்கும் நேரம் வந்ததும், யார் கையையும் பிடிக்காமல் நேரே கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த லேப்டாப் மேசைக்குப் போனாள்.

எட்டிப் பார்த்தாள். அம்புக்குறி ஆர்வில்லின் விரலோடு சேர்ந்து துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது! நீயா நிறுத்தினே?"

"மெதுவா பேசுங்க சிஸ்டர்."

"என்ன மெதுவா? ஆண்டவர் வீட்டுல விளையாடறியா?"

ஆர்வில் கண்ணால் முன்பெஞ்சைக் காட்டினான். சபையின் மூப்பர் லாசல்ஸ் அங்கே யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து இடம் காலி. மனைவி லர்லீன் போன வருஷம் இறந்துவிட்டாள்.

"சிஸ்டர் லர்லீன் இருந்தப்ப, பாட்டு நேரம் முழுக்க அவர் காதுல ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்களே, ஞாபகமிருக்கா?"

"இல்லாம என்ன? இந்த வயசுலயும் கொஞ்சலைப் பாருன்னு நாங்கல்லாம் கேலி பண்ணுவோம்."

"கொஞ்சல் இல்ல. வரி சொல்லிக் குடுத்தாங்க. இந்த மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் அவங்களுக்குப் பின்னாடியே உக்காருவேன், காதுல விழும். மூப்பருக்குப் படிக்கத் தெரியாது."

மார்வா மறுபடி முன்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழைய பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தம்மா போனப்புறம் புதுப் பாட்டு வந்தாலே குனிஞ்சு நிப்பாரு. கொஞ்ச நாள் சபைக்கே வரல. திரும்பி வந்த அன்னைக்கு மெஷின் நிஜமாவே நின்னுடுச்சு. நீங்க வரி சொன்னீங்க. மனுஷன் எப்படிப் பாடினாருங்கறீங்க! அன்னையிலேருந்து நானே நிறுத்தறேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? சபைக்குத் தெரிஞ்சா அவர் இந்தப் பக்கம் தலை காட்டுவாரா?"

இத்தனை வாரமும் ஏலம் கூவியதாகத்தான் மார்வா நினைத்திருந்தாள்.

பாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே க்ளென்ராயும் வந்தான்.

"என்ன சிஸ்டர், புது மெமரி போட்டும் நின்னுடுச்சு? நீங்களே பாத்தீங்களே, சொல்லுங்க. தப்பு மெஷின் மேலயா, ஆள் மேலயா?"

"ஆள் மேலதான்," என்றான் க்ளென்ராய்.

ஆர்வில் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

"நீ உக்காருப்பா," என்றாள் மார்வா. பிறகு பாஸ்டரைப் பார்த்துச் சபைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ஆள் மேல ஒரு தப்பும் இல்ல பாஸ்டர். எங்க அக்கா அனுப்பின மெமரிதான் மட்டமானது. கழட்டிடச் சொல்லுங்க. வரியை நான் சொல்லிக்கறேன்."