ரெண்டு விசில்

“சாம்பியனாம் சாம்பியன்! உரம் ஏத்தற டிராக்டர்காரன்கூட இவனவிட வெரசாப் போவான்!”

படியில் தொங்கியபடி பல்லைக் கடித்தார் கண்டக்டர் கொளஞ்சி. இருபது வருஷமாக இதே கடலூர் - சிதம்பரம் ரூட். எத்தனையோ டிரைவரைப் பார்த்தாச்சு. இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

ஸ்டியரிங்கில் இருந்தவன் சிலம்பரசன். குடிகாட்டுக்காரன். லாரி ஓட்டிப் பிழைத்தவன், லாரி ரேஸில் இறங்கி, ரெண்டு வருஷமாக இந்தியாவுக்கே சாம்பியன். மூணாவது வருஷம் பார்த்து ஸ்பான்சர் கையை விரித்துவிட்டான். இந்த வாரத்துக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் ரேஸே கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் முதலாளி ராஜாமணி கூப்பிட்டு அனுப்பினார்.

“பச்ச வண்டிக்காரன் தெனம் எனக்கு முன்னாடி சிதம்பரம் பூந்துடறான்யா. என் வண்டிய ஒரே ஒரு டிரிப் நீ ஓட்டு. அவனுக்கு முன்னாடி ஸ்டாண்டுல கொண்டாந்து நிறுத்திடு. உன் ரேஸ் செலவு மொத்தமும் என்னுது.”

“ஓட்றேன் மொதலாளி. ஆனா நான் ஓட்றப்ப யாரும் குறுக்க பேசக் கூடாது.”

“எவன் பேசறான்னு பாக்கறேன்!”

கடலூரைத் தாண்டும்வரை எல்லாம் நல்லாத்தான் போச்சு. பச்சை வண்டி எங்கேயோ பின்னால் கிடந்தது. கொளஞ்சிக்கு ஒரே குஷி.

குடிகாடு வந்தது. ஸ்டாப்பில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், கூடையோடு நாலைந்து பெண்கள். டவுன் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்தவர்கள். போர்டு என்னவோ இருக்கிறது. ஆனால் ராஜாமணி வண்டி அங்கே நின்றதாகச் சரித்திரமே கிடையாது.

கொளஞ்சி வழக்கம்போல ரெண்டு விசில் கொடுத்தார். நிற்காதே, போ என்று அர்த்தம்.

வண்டி நின்றுவிட்டது.

“தம்பி! இங்க நமக்கு ஸ்டாப்பு கெடையாது!”

“போர்டு இருக்குதேண்ணே. ஏறட்டும்.”

“பச்ச வண்டி வந்துடுவான்யா!”

“வரட்டும்.”

வந்தான். ஹாரனை விடாமல் அழுத்தி, கையை வேறு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான். கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது.

ஆலப்பாக்கத்தில் நின்றது. புதுச்சத்திரத்தில் நின்றது. பேர் தெரியாத ஸ்டாப்பில் எல்லாம் நின்றது. இவர் ரெண்டு விசில் அடிப்பதும், அவன் பிரேக்கை மிதிப்பதுமாகவே போச்சு. கடைசி ஆள் காலை உள்ளே வைக்கிறவரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, உனக்கு ரேஸ் வேணுமா வேணாமா?”

“வேணும்ணே. கட்டாயம் வேணும்.”

“பின்ன என்னாத்துக்கு இப்படி உருட்ற? கொஞ்சம் மிதிச்சா பி.முட்லூர்ல அவனப் புடிச்சிடலாமே!”

சிலம்பரசன் அடுத்த ஸ்டாப்புக்குப் பிரேக்கை மிதித்தான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ராஜாமணி ரோஜா மாலையும் கையுமாக நின்றிருந்தார். பச்சை வண்டிக்காரன் டீயே குடித்து முடித்துவிட்டான். பதினெட்டு நிமிஷம் லேட்!

மாலையைத் தூக்கிப் பஸ்மேலேயே அடித்தார் ராஜாமணி.

“ஊரு சிரிக்க வெச்சிட்டீங்களேடா!” கோபம் கொளஞ்சி பக்கம் திரும்பியது. “அவன் வெளியாளு. நீ என் சம்பளம் வாங்கறவன்தானே? ஸ்டாப்பு ஸ்டாப்பா நிறுத்தி ஆள் ஏத்தினியா? நாளையிலேர்ந்து வண்டிப் பக்கமே வராத!”

கொளஞ்சி கையெடுத்துக் கும்பிட்டார். தையில் மகளுக்குக் கல்யாணம்.

“மொதலாளி, அவரு மேல தப்பில்ல.” சிலம்பரசன் குறுக்கே வந்து நின்றான். “போகச் சொல்லித்தான் அடிச்சாரு. அவரு எப்பவும் ரெண்டு விசில்தான் அடிப்பாரு. நிறுத்துனது நானு. உங்க ஸ்பான்சர் எனக்கு வேணாம். அவரு வேலையில மட்டும் கை வெக்காதீங்க.”

ராஜாமணி ரெண்டு பேரையும் முறைத்தார்.

“ஒழிஞ்சு போங்க! நீ போயி அடுத்த டிரிப்புக்கு ஆள ஏத்துய்யா!”

போன உயிர் திரும்பி வந்தது கொளஞ்சிக்கு. ஓடிப் போய் சிலம்பரசன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருப்பப்பா. ஆனா உன் ரேஸு போச்சே?”

“எங்க போவுது? வேற ஆளப் புடிப்பேன். கெடைக்கலன்னா திரும்ப லோடு ஏத்திட்டு, அடுத்த வருஷம் வருவேன். விட மாட்டேண்ணே.”

அவன் நடக்க ஆரம்பித்தான். கொளஞ்சிக்கு ஏதோ உறுத்தியது.

“தம்பி! இன்னிக்குத்தானே நீ என் வண்டியில ஏறுன? நான் எப்பவும் ரெண்டு விசில்தான் அடிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சிலம்பரசன் திரும்பினான். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

“பன்னெண்டு வருஷம் ஆச்சுண்ணே. எங்க அக்கா கனிமொழிக்கு இந்த ஊர்ல நர்சிங் சீட்டுக்குக் கூப்ட்டிருந்தாங்க. குடிகாட்டு ஸ்டாப்புல நானும் அதுவும் கையக் காட்டிக்கிட்டே நின்னோம். வண்டி நிக்கல. நான் பின்னாடியே ஓடுனேன். டவுன் பஸ் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள பேரு கூப்ட்டு முடிச்சிட்டாங்க. அது இன்னிக்கும் கம்பெனியில டப்பா அடுக்குது. ஒரு நாளாச்சும் இந்த ஸ்டியரிங்கப் புடிச்சு அங்க நிறுத்திடணும்னுதான் நான் வண்டி ஓட்டவே கத்துக்கிட்டேன்.”

கொளஞ்சியின் கையில் இருந்த விசில் வேர்வையில் நழுவியது.

“அன்னிக்கும் எங்களப் பாத்துக்கிட்டேதாண்ணே ரெண்டு விசில் அடிச்சீங்க.”