குளிக்காத கிருமி

ஆரையம்பதிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய டினேஷ், ஒரு சீப்பு வாங்கத்தான் மேசை விசிறி சுழன்றுகொண்டிருந்த பேர்னாட்டின் கடைக்குள் நுழைந்தான்.

பேர்னாட் மூக்கைச் சுளித்தார். "குறை நினையாத தம்பி. மணக்குது."

டினேஷ் மோந்து பார்த்தான். உண்மைதான்.

"இப்பதான் அண்ணன் குளிச்சிட்டு வாறன்."

"நீ குளிச்சாய், கிருமி குளிக்கல்லையே. வெறும் வியர்வைக்கு மணமே இல்ல. கமக்கட்டில இரிக்கிற கிருமி அதத் தின்டு கந்தகத்தக் கக்குது. அதுதான் இந்த மணம்."

"பொம்பிள வீட்டார் கிட்ட வந்தா என்ன செய்ய?"

பேர்னாட் ஒரு ஸ்பிறேயை எடுத்து அவனுடைய இரண்டு அக்குளிலும் அடித்தார். "இப்ப வெளியில போய் மோந்து பார்."

வாவிக் காற்றில் நின்று மோந்தான். மல்லிகை வாசம் மட்டுமே வந்தது. அசந்துபோய்த் திரும்பியவனைப் பேர்னாட் வாசலிலேயே மறித்தார்.

"உள்ள வராத, உனக்கு நேரமாகுது." இரண்டு ஸ்பிறேயை அங்கேயே கொடுத்துக் காசை வாங்கினார். சீப்பை இருவருமே மறந்துவிட்டார்கள்.

அவன் போனதும் மனைவி மேர்சி உள்ளிருந்து வந்தாள்.

"இண்டைக்கு எத்தின பேர்?"

"நாலு."

"போதும். விசிறிக்குப் பின்னால வெட்டி வெச்ச வெங்காயத்தத் தாங்க, சம்பலுக்கு வேணும்."

"எடு. நாளைக்குக் கொஞ்சம் பெரிசாப் பாத்து வெட்டித்தா. இதில கந்தகம் காணாது."